பத்து நொடி ஹேங்: தூங்கி எழும் ஹார்டு டிஸ்க்கைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி?

பில் போட்டு முடித்து 'சேவ்' அழுத்தியதும் திரை அப்படியே நின்றுவிடுகிறது. மவுஸ் நகர்கிறது, ஆனால் கிளிக் எடுபடவில்லை. எட்டுப் பத்து நொடி கழித்து, அதுவரை அழுத்திய கிளிக் எல்லாம் மொத்தமாக வந்து விழுகின்றன. அதன்பிறகு சிஸ்டம் வேகமாகத்தான் ஓடுகிறது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடியும் அதே ஹேங்.

சேலம் செவ்வாய்பேட்டை மண்டிக் கணக்கு சிஸ்டமோ, ஐந்து ரோடு பக்கத்து கல்யாண ஸ்டுடியோவோ, கொலுசுப் பட்டறையின் டிசைன் கம்ப்யூட்டரோ, எதுவானாலும் இதற்குக் கிடைக்கும் முதல் பதில் ஒன்றுதான்: "வைரஸா இருக்கும்ணா, ஃபார்மேட் பண்ணிடலாம்." ஃபார்மேட் செய்தால் இது போகாது. விண்டோஸை புதிதாக ஏற்றும்போது, மின் இணைப்பில் இருக்கும் சிஸ்டத்தில் 20 நிமிடம் சும்மா இருக்கும் ஹார்டு டிஸ்க்கை நிறுத்திவிடும் அமைப்பும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். முன்பு யாராவது அதை மாற்றி வைத்திருந்தால் அந்த மாற்றமும் அழிந்துபோகும். ஆகவே ஃபார்மேட்டுக்குச் சம்மதிக்கும் முன் கீழே உள்ள சோதனையைச் செய்து பாருங்கள். அரை மணி நேரம் போதும், செலவு இல்லை.

உள்ளே நடப்பது என்ன

ஹார்டு டிஸ்க்குக்குள் இருக்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று வேகத்தில் சுழல்கின்றன. மின்சாரத்தை மிச்சப்படுத்த டிஸ்க் தூங்கும்போது, படிக்கும் தலை ஓரமாகப் போய் ஒதுங்கும், மோட்டார் நிற்கும். அடுத்து யாராவது ஒரு கோப்பைக் கேட்டால், தட்டு முழு வேகத்தை எட்டும்வரை டிஸ்க்கால் ஒரு எழுத்தைக்கூடத் தர முடியாது. மேசைக் கம்ப்யூட்டரில் இருக்கும் 3.5 அங்குல டிஸ்க்குக்கு இதற்குப் பெரும்பாலும் 5 முதல் 10 நொடி பிடிக்கும், சில பெரிய டிஸ்க்குகளுக்கு இன்னும் அதிகம். லேப்டாப் அளவு 2.5 அங்குல டிஸ்க் சில நொடிகளில் எழுந்துவிடும்.

விண்டோஸ் எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டே இல்லாத புது வகை டிஸ்க்) இருந்தாலும் இந்த ஹேங் வரும். "எஸ்எஸ்டி போட்ட பிறகும் ஏன் நிற்கிறது?" என்று குழம்புகிறவர்கள் ஏராளம். சி டிரைவ் எஸ்எஸ்டி, டேட்டா வைத்திருக்கும் டி டிரைவ் பழைய ஹார்டு டிஸ்க் என்ற கலவையில்தான் தொந்தரவு அதிகம். சி டிரைவை விண்டோஸ் ஓயாமல் தொட்டுக்கொண்டே இருப்பதால் அது ஹார்டு டிஸ்க்காக இருந்தாலும் தூங்க வாய்ப்பில்லை. டி டிரைவ் சும்மா கிடக்கும், தூங்கிவிடும். 'ஓப்பன்', 'சேவ் ஆஸ்' ஜன்னல் திறக்கும்போது விண்டோஸ் பல நேரம் எல்லா டிரைவையும் ஒருமுறை விசாரிக்கிறது. நீங்கள் சேமிப்பது சி டிரைவில் என்றாலும், பக்கத்தில் தூங்கும் டி டிரைவ் எழும்வரை அந்த ஜன்னல் நிற்கும். ஸ்டுடியோக்களில் மூன்று நான்கு டிஸ்க் வைத்திருப்பார்கள். அவை ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தால் 8 நொடி என்பது அரை நிமிடமாகிவிடும்.

முதலில் நிரூபியுங்கள்

20 நிமிடம் காத்திருந்து ஹேங் வருகிறதா என்று பார்ப்பது நேர விரயம். டிஸ்க்கை வேண்டுமென்றே சீக்கிரம் தூங்க வையுங்கள்.

கன்ட்ரோல் பேனலைத் திறந்து 'பவர் ஆப்ஷன்ஸ்' போங்கள். விண்டோஸ் 11-இன் புதிய 'செட்டிங்ஸ்' பக்கத்தில் தேடி அலைய வேண்டாம், பழைய கன்ட்ரோல் பேனல்தான் இதற்கு வழி. இப்போது ஓடும் பிளானுக்குப் பக்கத்தில் 'சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ்', அதற்குள் 'சேஞ்ச் அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ்'. வரும் சின்னப் பெட்டியில் 'ஹார்டு டிஸ்க்' என்பதை விரித்தால் 'டர்ன் ஆஃப் ஹார்டு டிஸ்க் ஆஃப்டர்' என்று இருக்கும். அங்கே இருக்கும் எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொண்டு 1 என்று மாற்றி 'அப்ளை' கொடுங்கள்.

டி டிரைவில் திறந்திருக்கும் எல்லாவற்றையும் மூடிவிட்டு இரண்டு மூன்று நிமிடம் கையை எடுத்துவிடுங்கள். கேபினெட் பக்கத்தில் காதை வையுங்கள். மெல்லிய 'டக்' என்று தலை ஒதுங்கும் சத்தமும், சுழற்சி தணிந்து அடங்கும் சத்தமும் கேட்டால் டிஸ்க் தூங்கிவிட்டது. கடையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் காதுக்குப் பிடிபடாது, ஃபேனை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். பிறகு டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைத் திறந்து, அந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு, டி டிரைவில் வெகுநாளாகத் திறக்காத ஒரு கோப்பைத் திறங்கள். நேற்றுத் திறந்த கோப்பு நினைவகத்திலேயே மிச்சமிருந்தால் டிஸ்க்கைத் தொடாமலே திறந்துவிடும், சோதனை பொய்யாகிவிடும்.

கோப்பைச் சொடுக்கியதும் கேபினெட்டில் மெதுவாக ஏறும் சுழற்சிச் சத்தம், திரையில் ஹேங், டாஸ்க் மேனேஜரில் 'ஆக்டிவ் டைம்' உயர்ந்தும் படிக்கும் எழுதும் வேகம் பூஜ்யமாகவும் சில நொடி நின்று, பிறகு எல்லாம் சீராகிவிட்டால் சந்தேகமே வேண்டாம். தூங்கி எழுவதுதான் காரணம். செல்போன் ஸ்டாப்வாட்சில் அந்த நொடிகளை அளந்து எழுதி வையுங்கள். அந்த எண் பின்னால் உதவும்.

அமைப்பை மாற்றுவது

அதே இடத்தில் 1 என்பதை அழித்து 0 என்று போடுங்கள். பெட்டி தானாகவே 'நெவர்' என்று காட்டும். லேப்டாப் என்றால் 'ஆன் பேட்டரி', 'பிளக்டு இன்' என்று இரண்டு வரி இருக்கும், இரண்டையும் பாருங்கள். 'அப்ளை' கொடுக்காமல் மூடிவிட்டால் சோதனைக்குப் போட்ட 1 நிமிடம் அப்படியே நின்று, தொந்தரவு பல மடங்காகும்.

இந்த அமைப்பு அந்த ஒரு பிளானுக்கு மட்டும்தான். 'பேலன்ஸ்டு' பிளானில் மாற்றிவிட்டு, பின்னொரு நாள் 'பவர் சேவர்' பிளானுக்குப் போனால் பழைய ஹேங் திரும்பி வரும். சில லேப்டாப்புகளில் கம்பெனியே கொடுத்த பேட்டரி மென்பொருள் பிளானைத் தானாக மாற்றிவிடும். "சரிசெய்தேன், ஒரு வாரத்தில் திரும்பிவிட்டது" என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மின்சாரக் கட்டணம் ஏறாதா என்று கேட்பார்கள். சும்மா சுழலும் ஒரு 3.5 அங்குல டிஸ்க் சுமார் 5 வாட் எடுக்கிறது. கடை ஒரு நாளைக்கு 10 மணி நேரம் திறந்திருந்தால் 50 வாட்-மணி, அதாவது 20 நாளைக்கு ஒரு யூனிட். பில் போடும் நேரத்தில் வாடிக்கையாளரைக் காக்க வைப்பதற்கு இது ஈடே இல்லை. ஓயாமல் சுழன்றால் டிஸ்க் தேயும் என்ற பயமும் கடை வேலை நேரத்துக்குப் பொருந்தாது. பழைய டிஸ்க்குக்குச் சுமை அதிகமாக இருப்பது ஒவ்வொரு முறையும் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போதுதான்.

உபுண்டு போன்ற லினக்ஸ் வைத்திருப்பவர்கள் 'டிஸ்க்ஸ்' என்ற செயலியில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, மூன்று புள்ளி மெனுவில் 'டிரைவ் செட்டிங்ஸ்' போனால் 'ஸ்டாண்ட்பை' பக்கத்தில் இதே வேலையைச் செய்யலாம்.

நெவர் போட்டும் தூங்கினால்

இப்படி நடப்பது உண்டு. விண்டோஸுக்குத் தெரியாமல், டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் ஃபர்ம்வேர் என்ற நிரல் அதைத் தூங்க வைக்கலாம். ஏபிஎம் என்று சொல்லப்படும் மின்மேலாண்மை அளவு இதைத் தீர்மானிக்கிறது. 1 முதல் 127 வரை இருந்தால் டிஸ்க் தட்டை நிறுத்த அனுமதி உண்டு, 128 முதல் 254 வரை இருந்தால் நிறுத்தாது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 'ஃபங்க்ஷன்' மெனுவில் 'அட்வான்ஸ்டு ஃபீச்சர்' வழியாக இதை மாற்றலாம். 254 வையுங்கள். பல டிஸ்க்குகள் மின்சாரம் போய் வந்ததும் இதை மறந்து பழைய அளவுக்குத் திரும்பிவிடும், அதனால் அந்த மென்பொருளைத் தொடக்கத்திலேயே இயங்கும்படி வைத்து, ஏபிஎம் அளவைத் தானாகப் போடும் வசதியையும் டிக் செய்ய வேண்டும். எல்லா டிஸ்க்கும் இந்த வசதியைத் தராது. மெனு மங்கலாக இருந்தால் உங்கள் டிஸ்க்கில் இல்லை என்று அர்த்தம்.

யூஎஸ்பி வழியாக மாட்டும் வெளி டிஸ்க் வேறு வகை. அதன் டப்பாவுக்குள் யூஎஸ்பியை சாட்டாவாக (கம்ப்யூட்டருக்குள் டிஸ்க்கை மாட்டும் இணைப்பு) மாற்றும் சின்ன போர்டு ஒன்று இருக்கிறது, தூக்க நேரத்தை அதுவே வைத்துக்கொள்ளும். விண்டோஸில் எதை மாற்றினாலும் காதில் வாங்காது. வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க் என்றால் அவர்களுடைய 'டிரைவ் யூட்டிலிட்டிஸ்' மென்பொருளில் 'ஸ்லீப் டைமர்' இருக்கும், அதை அணைத்துவிடலாம். மற்ற கம்பெனி டிஸ்க்குகளுக்கு அவரவர் மென்பொருளில் தேடிப் பாருங்கள். எதுவும் இல்லையென்றால், சில நிமிடத்துக்கு ஒருமுறை அந்த டிஸ்க்கில் ஒரு சின்னக் கோப்பை எழுதும் இலவசச் செயலிகள் உண்டு. படிக்க மட்டும் செய்யும் செயலி பயன்படாது, இரண்டாம் முறையிலிருந்து நினைவகமே பதில் சொல்லிவிடும், டிஸ்க் தூங்கிக்கொண்டே இருக்கும். எழுதும் செயலியாகப் பார்த்து எடுங்கள்.

கூடவே 'பவர் ஆப்ஷன்ஸ்' பெட்டியிலேயே 'யூஎஸ்பி செலெக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை 'டிஸேபிள்டு' ஆக்குங்கள். டிவைஸ் மேனேஜரில் 'யூஎஸ்பி ரூட் ஹப்' ஒவ்வொன்றிலும் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்தில், சாதனத்தை அணைத்து மின்சாரம் சேமிக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

எழுப்புவது யார்

எல்லா டிஸ்க்கையும் எப்போதும் சுழலவிட வேண்டும் என்பதில்லை. வாரம் ஒருமுறை பேக்கப் எடுக்கும் டிஸ்க் தூங்கட்டும், அதுதான் நல்லது. அப்போது செய்ய வேண்டியது, தேவையில்லாமல் அதை எழுப்புகிறவர்களைக் கண்டுபிடித்து நிறுத்துவது.

டாஸ்க் மேனேஜரிலிருந்து 'ரிசோர்ஸ் மானிட்டர்' திறந்து 'டிஸ்க்' பக்கம் போங்கள். எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று முழுப் பாதையோடு அங்கே ஓடும். பெரும்பாலும் சிக்குகிறவர்கள் இவர்கள்தான்: எக்ஸ்ப்ளோரரின் இடப்பக்கம் பின் செய்து வைத்த ஃபோல்டர்கள், டெஸ்க்டாப்பில் கிடக்கும் அந்த டிஸ்க்கின் ஷார்ட்கட்டுகள், தேடல் இண்டெக்ஸ், ஆன்டிவைரஸின் நேரம் குறித்த ஸ்கேன். டிஸ்க்கின் உடல்நிலையைக் கண்காணிக்கும் மென்பொருளைப் பின்னணியில் ஓடவிட்டால் அதுவே எழுப்புவதும் உண்டு.

பேஜ் ஃபைல் (நினைவகத்தில் இடம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் எழுதிவைக்கும் கோப்பு) டி டிரைவில் இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். ஹார்டு டிஸ்க் காலத்தில் வேகத்துக்காக அப்படி வைத்த பழக்கம், எஸ்எஸ்டி வந்த பிறகும் பல சிஸ்டங்களில் மாறாமல் கிடக்கிறது. நினைவகத்தின் ஒரு பகுதியே தூங்கும் டிஸ்க்கில் இருந்தால், அதைத் திரும்ப எடுக்கும்போது அந்த நிரலே உறைந்து நிற்கும். 'சிஸ்டம் பிராப்பர்ட்டிஸ்', 'அட்வான்ஸ்டு', 'பெர்ஃபார்மன்ஸ்', 'வர்ச்சுவல் மெமரி' வழியாகப் போய் சி டிரைவில் 'சிஸ்டம் மேனேஜ்டு', டி டிரைவில் 'நோ பேஜிங் ஃபைல்' என்று வைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டுடியோக்காரர்கள் ஃபோட்டோஷாப் தற்காலிகக் கோப்புகளை எழுதும் ஸ்கிராட்ச் டிஸ்க் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அதுவும் எஸ்எஸ்டிக்கு வரட்டும்.

கணக்கு மென்பொருளின் டேட்டா இன்னொரு சிஸ்டத்தில் இருந்து, நெட்வொர்க் டிரைவாக மாட்டியிருந்தால், இந்தச் சிஸ்டத்தில் என்ன செய்தும் பிரயோஜனமில்லை. தூங்குவது அந்தச் சிஸ்டத்தின் டிஸ்க். மாற்றத்தை அங்கே போய்ச் செய்யுங்கள்.

இது வெறும் தூக்கம் இல்லை என்று எப்போது தெரியும்

முன்பு ஸ்டாப்வாட்சில் எழுதி வைத்த எண்ணை எடுங்கள். 10 நொடிக்குள், பெரிய டிஸ்க் என்றால் அதைச் சற்றுத் தாண்டியும், இருந்தால் அது இயல்பு. ஒரே ஒரு டிஸ்க் இருந்தும் அரை நிமிடம், ஒரு நிமிடம் நின்றாலோ, சத்தம் ஏறி இறங்கி மறுபடி ஏறினாலோ, 'டக் டக்' என்று தொடர்ந்து தட்டினாலோ, தூக்க அமைப்பை மாற்றி அதை மறைத்துவிடாதீர்கள். முதல் வேலை, முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு நகலெடுப்பது. மற்றதெல்லாம் பிறகு.

நகல் எடுத்த பின் 'ஈவென்ட் வியூவர்' திறந்து 'விண்டோஸ் லாக்ஸ்', 'சிஸ்டம்' பகுதியில், ஹேங் ஆன நேரத்தை ஒட்டி என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். எண் 129 என்றால் டிஸ்க் பதில் சொல்லாததால் விண்டோஸ் இணைப்பை ரீசெட் செய்திருக்கிறது. 153 என்றால் கேட்டது கிடைக்காமல் மறுபடி கேட்டிருக்கிறது. 7 என்றால் டிஸ்க்கின் ஒரு சிறு பகுதி (பிளாக்) கெட்டுப்போயிருக்கிறது. 7 வந்த டிஸ்க்கில் கணக்கையோ கல்யாண ஆல்பத்தையோ தொடர்ந்து வைத்திருப்பது சரியில்லை.

அடுத்து கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் சில வரிகள். எண்கள் பதினாறடிமானத்தில் தெரியும், அதே 'அட்வான்ஸ்டு ஃபீச்சர்' மெனுவில் 'ரா வேல்யூஸ்' போய் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 'கரன்ட் பெண்டிங் செக்டர்' (படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் இடங்கள்), 'ரீஅலொகேட்டட் செக்டர்' (கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட இடங்கள்) இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். பெண்டிங் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். 'ஸ்பின் ரீட்ரை கவுன்ட்' பூஜ்யத்துக்கு மேல் இருந்தால், தட்டு ஒரே முயற்சியில் வேகமெடுக்கவில்லை: ஒன்று மோட்டார் தளர்ந்திருக்கிறது, அல்லது மின்சாரம் போதவில்லை. 'சிஆர்சி எரர்' (கேபிள் வழியே தகவல் பிழையாக வந்த எண்ணிக்கை) ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம், சாட்டா கேபிளை மாற்றுங்கள். பழைய எண் அழியாது, அதனால் கேபிள் மாற்றிய அன்றைய எண்ணைக் குறித்து வைத்து, அதற்கு மேல் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். சீகேட் டிஸ்க்கில் 'ரீட் எரர் ரேட்', 'சீக் எரர் ரேட்' கோடிக்கணக்கில் தெரியும், அதைப் பார்த்துப் பயந்து நல்ல டிஸ்க்கைத் தூக்கிப்போட வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ்ஸும் கரண்டும்

3.5 அங்குல டிஸ்க் கிளம்பும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட் வயரில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும், அதாவது 24 வாட். சும்மா சுழல்வதைவிட இது நான்கைந்து மடங்கு. வயதான எஸ்எம்பிஎஸ்ஸில் (கேபினெட்டுக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி), ஒரே வயரில் ஸ்பிளிட்டர் போட்டு மூன்று டிஸ்க் மாட்டியிருந்தால், எழும்போது வோல்டேஜ் சரிந்து டிஸ்க் பாதியில் விழுந்து மறுபடி கிளம்பும். ஸ்பின் ரீட்ரை ஏறுவதற்கு இது போதும்.

மல்டிமீட்டர் இருந்தால் அளந்துவிடலாம். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் நான்கு முனைப் பழைய கனெக்டர் ஒன்று சும்மா தொங்கும். அதில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே 12 வோல்ட், சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 5 வோல்ட். முனைகள் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொண்டு, டிஸ்க்கைத் தூங்கவைத்து எழுப்பும்போது மீட்டரைக் கவனியுங்கள். மஞ்சள் 11.4-க்குக் கீழும், சிவப்பு 4.75-க்குக் கீழும் இறங்கக் கூடாது. இறங்கினால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் விடுங்கள், ஆனால் 'எழும்போது அளந்து பாருங்கள்' என்று சொல்லி விடுங்கள். சும்மா இருக்கும்போது அளந்தால் எந்த எஸ்எம்பிஎஸ்ஸும் நல்லதாகத்தான் தெரியும்.

2.5 அங்குல வெளி டிஸ்க் எழும்போது 5 வோல்ட்டில் ஏறக்குறைய 1 ஆம்பியர் கேட்கும். யூஎஸ்பி 2.0 துளையின் கணக்கு 0.5, 3.0 துளையின் கணக்கு 0.9. கேபினெட்டின் முன்பக்கத் துளையில் நீளமான கேபிளோடு மாட்டினால் தடுமாறும். பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் நீலநிறத் துளையில், டிஸ்க்கோடு வந்த குட்டைக் கேபிளால் மாட்டுங்கள்.

ஏற்காட்டில் எஸ்டேட் அலுவலகமோ லாட்ஜோ வைத்திருப்பவர்கள், 1,500 மீட்டர் உயரம் டிஸ்க்கைக் கெடுக்குமோ என்று யோசிக்க வேண்டாம். சாதாரண டிஸ்க்குகள் 3,000 மீட்டர் வரை ஓடும்படிதான் செய்யப்படுகின்றன. அங்கே கவனிக்க வேண்டியது ஈரம். பனிமூட்ட மாதங்களில் சாட்டா முனைகள் மங்கிப்போய், டிஸ்க் எழும்போது இணைப்பு விட்டுவிட்டு வரும். சிஸ்டத்தை அணைத்து, பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, இரண்டு கேபிளையும் கழற்றி மாட்டினாலே பல நேரம் தீர்ந்துவிடும். மார்கழிக் காலையில் மலையிலிருந்து குளிர்ந்த டிஸ்க்கை எடுத்துக்கொண்டு சேலத்துக்கு இறங்கினால், உடனே மாட்டாதீர்கள். வெதுவெதுப்பான காற்று பட்டு அதன்மேல் நீர் பூக்கும். பையிலேயே ஒரு மணி நேரம் விட்டு, பிறகு மாட்டுங்கள். இடி மின்னல் நாட்களில் பேக்கப் டிஸ்க் கம்ப்யூட்டரோடு இணைந்தே இருக்கக் கூடாது, அது மலைக்கும் ஊருக்கும் பொது.

சிஸ்டமே தூங்கி எழும்போது மட்டும் நின்றால்

வேலை நடுவே ஹேங் இல்லை, மூடி வைத்த லேப்டாப்பைத் திறக்கும்போது மட்டும் நிற்கிறது என்றால் அது வேறு. சில நொடித் தாமதம் இயல்பு. ஒரு நிமிடத்துக்கு மேல் போனால் லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து சிப்செட், சேமிப்பக டிரைவர்களைப் புதுப்பியுங்கள். எழும்போதில்லாமல் காலையில் முதல்முறை ஆன் செய்யும்போதுதான் தகராறு என்றால், 'பவர் ஆப்ஷன்ஸ்' உள்ளே பவர் பட்டன் அமைப்புகளில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுத்துப் பாருங்கள். எஸ்எஸ்டி மட்டுமே உள்ள லேப்டாப்பிலும் குட்டிக் குட்டி ஹேங் வந்தால், அதே அட்வான்ஸ்டு பெட்டியில் 'பிசிஐ எக்ஸ்பிரஸ்' கீழே உள்ள 'லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்'டை 'ஆஃப்' வைத்து இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் பழையபடி வைத்துவிடுங்கள், பேட்டரியாவது மிஞ்சும்.

எல்லாம் முடிந்ததும் மாற்றிய எண்களை ஒரு சீட்டில் எழுதி கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்: எந்த பிளான், ஏபிஎம் எவ்வளவு, கேபிள் மாற்றிய தேதி, அன்றைய சிஆர்சி எண். அடுத்து கையைவைக்கிற மெக்கானிக் யாராக இருந்தாலும் அங்கிருந்தே தொடங்கலாம். விண்டோஸின் பெரிய அப்டேட் ஏறிய பிறகு 'நெவர்' அப்படியே இருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பாருங்கள்.